பைதானில் உள்தள்ளல் சோதனை: எடிட்டரில் என்ன வைக்கிறேன், எதற்காக

பைதான் எழுதுகிறவர்கள் கூடி எடிட்டர் செட்டிங் பற்றிப் பேசினால் முதலில் தீம் வரும், அப்புறம் எழுத்துரு, அப்புறம் ஆட்டோகம்ப்ளீட். உள்தள்ளலைப் பற்றி, அதாவது வரித் தொடக்கத்தில் விடும் வெற்றிடத்தைப் பற்றி, யாராவது வாய் திறந்தால் பேச்சு டேப்பா ஸ்பேஸா என்ற பழைய சண்டைக்குள் போய் அங்கேயே முடிந்துவிடும். எனக்கு அந்தச் சண்டையில் பெரிய பிடிப்பு இல்லை. அந்த வெற்றிடம் ஒரே ஒழுங்கில் இருக்கிறதா என்று கருவிகளை வைத்துப் பார்க்கும் உள்தள்ளல் சோதனை என்ற ஏற்பாட்டின் மேல் நிறையவே பிடிப்பு உண்டு. புதிதாக ஒரு குழுவோடு வேலை செய்யப் போனால், டெஸ்ட் எழுதுகிறார்களா என்று கேட்பதற்கு முன்பே இதைத்தான் பார்ப்பேன். இதெல்லாம் அழகுக்கான விஷயம் என்று ஒதுக்கி வைத்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

வேறொரு மொழியில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாக ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிட்டது. பாதுகாப்பான இணைய இணைப்பைச் சரிபார்க்கும் அதன் சி நிரலில் ‘கோ டு ஃபெயில்’ (தோல்விப் பகுதிக்குத் தாவு) என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. இரண்டும் ஒரே ஆழத்தில், ஒரே இஃப்-க்குக் கீழே அடங்கியிருப்பதுபோலத் தெரிந்தன. அடைப்புக்குறி இல்லாததால் சி மொழியைப் பொறுத்தவரை முதல் வரி மட்டும்தான் அந்த இஃப்-க்குச் சொந்தம். இரண்டாவது எப்போதும் ஓடும். அதனால் அதற்குக் கீழே இருந்த கையொப்பச் சரிபார்ப்பு நடக்காமலே போனது. 2016-இல் வந்த ஜிசிசி 6 கம்பைலரில், இப்படி உள்தள்ளல் ஒன்றைக் காட்ட நிரல் வேறொன்றைச் செய்யும் இடங்களை எச்சரிக்கும் வசதி வந்தது.

பைதானில் அந்த வகைப் பிழைக்கு இடமில்லை. கண் எந்த ஆழத்தைப் பார்க்கிறதோ அதையேதான் மொழியும் பார்க்கிறது. ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையத்தில் கைடோ வான் ரோசம் 1989 டிசம்பரில் பைதானை எழுதத் தொடங்கியபோது, அதே மையத்தில் அவர் முன்பு வேலை செய்த ஏபிசி என்ற மொழியிலிருந்து இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டார். நல்ல முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதோடு ஒரு பொறுப்பும் நம் தலையில் ஏறுகிறது. மற்ற மொழிகளில் வரியின் தொடக்கத்தில் இருக்கும் வெற்றிடம் தவறினால் பார்க்க அசிங்கமாக இருக்கும். பைதானில் அது தவறினால் கணக்கு தப்பும்.

பைதான் இதை எப்படிப் படிக்கிறது என்று தெரிந்துகொண்டால், சோதனைக் கருவிகள் எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்பது தானாகவே விளங்கும். நிரலைத் துண்டுகளாகப் பிரிக்கும் பகுதி, ஆழங்களை ஓர் அடுக்காக வைத்துக்கொள்கிறது. அடியில் பூஜ்யம். ஒவ்வொரு வரி தொடங்கும்போதும் அதன் ஆழத்தை அடுக்கின் உச்சியில் இருப்பதோடு ஒப்பிடும். அதிகமாக இருந்தால் புது ஆழத்தை மேலே வைத்து, ‘உள்ளே போகிறோம்’ என்று ஒரு குறி போடும். குறைவாக இருந்தால் பொருந்தும் ஆழம் கிடைக்கும்வரை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ‘வெளியே வருகிறோம்’ என்று குறி போடும். எதோடும் பொருந்தாவிட்டால் இன்டென்டேஷன் எரர். காலி வரிகளையும், குறிப்பு மட்டும் உள்ள வரிகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. அடைப்புக்குறிக்குள் இருக்கும்போது ஆழத்தைப் பார்ப்பதே இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது: நான்கு ஸ்பேஸ் என்ற விதி மொழியில் எங்குமே இல்லை. ஒரு ஃபங்ஷன் மூன்று ஸ்பேஸில் இருக்கலாம், அடுத்தது ஏழு ஸ்பேஸில் இருக்கலாம், பைதான் சத்தமில்லாமல் ஓட்டும்.

டேப் விஷயத்தில் பைதான் 3 கொஞ்சம் கண்டிப்பானது. டேப்பை அடுத்த எட்டின் மடங்குக்குத் தாவுவதாக ஒரு கணக்கு, ஒற்றை எழுத்தாக இன்னொரு கணக்கு என இரண்டு வகையாகவும் ஆழத்தை எண்ணும். இரண்டு கணக்கும் ஒரே பதிலைச் சொல்லாவிட்டால் டேப் எரர் என்று நின்றுவிடும். பைதான் 2 எட்டுக் கணக்கை மட்டும் நம்பியது. எடிட்டரில் டேப்பை நான்காகக் காட்டி வைத்திருந்தவரின் கண்ணும் மொழியும் வேறு வேறு நிரலைப் பார்த்தன. இதைக் கண்டுபிடிப்பதற்கென்றே டிம் பீட்டர்ஸ் எழுதிய டேப்நேனி என்ற சின்ன மாட்யூல் இன்றும் பைதானோடு வருகிறது. ஆனால் பைதான் 3-இன் கண்டிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு கோப்பில் மேல் ஃபங்ஷன் முழுக்க டேப், கீழ் ஃபங்ஷன் முழுக்க ஸ்பேஸ் என்றால் அது எதிர்ப்பே காட்டாது, ஏனென்றால் இரண்டும் ஒன்றோடொன்று ஒப்பிடப்படுவதே இல்லை. மேலிருந்து ஒரு வரியை எடுத்துக் கீழே ஒட்டும் நாளில்தான் சிக்கல் வெளியே வரும்.

சரி, இதெல்லாம் எரர் வரும் வகை. எரர் வந்தால் நல்லது, திருத்திவிடலாம். என்னை உறுத்துவது எரர் வராத வகை.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் மாதாந்திரக் கட்டணம் கணக்கிடும் ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அந்த மாதத்து அளவீடுகளை ஒரு லூப்பில் எடுத்து, கட்டணம் போட்டு, ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போகும். ஒருநாள் அந்தப் பட்டியலில் சேர்க்கும் வரி ஒரு படி வெளியே நகர்ந்துவிட்டது. லூப்புக்குள் இருந்த வரி லூப்புக்கு வெளியே வந்தது. விளைவு: கடைசி அளவீடு மட்டும் பட்டியலில் சேர்ந்தது, மற்றவை காணாமல் போயின. பைதான் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, அது முழுக்கச் சரியான பைதான்.

அது எப்படி எல்லோர் கண்ணையும் தாண்டிப் போனது என்பதுதான் எனக்குப் பாடமாக அமைந்தது. அந்தக் கோப்பு இரண்டு ஸ்பேஸில் எழுதப்பட்டிருந்தது. மாற்றம் செய்தவரின் எடிட்டர் சேமிக்கும்போது முழுக் கோப்பையும் நான்கு ஸ்பேஸுக்கு மாற்றிவிட்டது. அதனால் மாற்றத்தைக் காட்டும் டிஃப்பில் ஒவ்வொரு வரியும் மாறியதாகச் சிவப்பும் பச்சையுமாக வந்தது. ரிவ்யூ செய்தவர், அவ்வளவையும் படிக்க முடியாது என்று, வெற்றிட மாற்றங்களை மறைக்கும் பொத்தானை அழுத்தினார். இப்போது டிஃப் அழகாகச் சுருங்கியது, உண்மையில் மாறிய சில வரிகள் மட்டும் தெரிந்தன. லூப்பை விட்டு வெளியே வந்த வரி அவற்றில் இல்லை. அதில் மாறியது வெற்றிடம் மட்டும்தானே.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. எடிட்டர் தன் வேலையைச் செய்தது, ரிவ்யூ செய்தவர் நியாயமான ஒன்றைச் செய்தார். குழுவில் உள்தள்ளல் பற்றி ஓர் ஏற்பாடு இல்லாததுதான் ஓட்டை. சோதனையின் பயனை அதிலிருந்து நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன்: கோப்புகள் எல்லாம் எப்போதும் ஒரே முறையில் உள்தள்ளப்பட்டிருந்தால், டிஃப்பில் வரும் ஒவ்வொரு உள்தள்ளல் மாற்றமும் நிரலின் பொருளில் நடந்த மாற்றம். இரைச்சல் இல்லாததால் மனிதக் கண் அதில் போய் நிற்கும். கொத்தனார் சுவர் எழுப்பும்போது நூல் கட்டுவதும் இதற்காகத்தான், ஒரு செங்கல் விலகினால் அந்தக் கணமே தெரியவேண்டும். எந்தக் கருவியும் நகர்ந்த வரியை எனக்குப் பிடித்துக் கொடுக்காது. அதை நான் பிடிப்பதற்குத் தோதான சூழலை மட்டும் அது அமைத்துத் தரும். அதுவே பெரிய விஷயம்.

ஆகவே என் முதல் விதி எடிட்டர் செட்டிங்கே இல்லை. பைதான் ரிவ்யூவில் வெற்றிடத்தை மறைக்கும் பொத்தானையோ, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் டிஃப்பில் அதே வேலையைச் செய்யும் தெரிவையோ வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. சி-யிலும் ஜாவாவிலும் அது வசதி. பைதானில் அது நிரலின் ஒரு பகுதியை மறைத்துவிட்டு ரிவ்யூ செய்வது. ஒரு பெரிய பகுதியை இஃப்-க்குள் தள்ளும்போது மறைத்துப் பார்க்கலாம், உதவியாகக்கூட இருக்கும், ஆனால் அப்புறம் மறைக்காமலும் ஒரு முறை பார்த்தாக வேண்டும்.

இனி எடிட்டர். விஎஸ் கோடை எடுத்துக்கொள்கிறேன், நான் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் அதில்தான். டேப் விசையைத் தட்டினால் ஸ்பேஸ் விழ வேண்டும், அளவு நான்கு என்ற இரண்டும் அதில் இயல்பாகவே இருக்கின்றன. அப்படியிருந்தும் சிலருக்குத் தாங்கள் வைத்த அளவு வேலை செய்யவில்லை என்ற குறை வருகிறது. காரணம் மூன்றாவது செட்டிங்: ‘டிடெக்ட் இன்டென்டேஷன்’. கோப்பைத் திறந்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, நாம் வைத்த இரண்டையும் ஓரம் தள்ளிவிட்டுத் தன் ஊகத்தை வைக்கும். இதுவும் இயல்பாகவே இயக்கத்தில் இருக்கிறது. மற்றவர்களின் நிரலைத் திறந்து ஒரு வரி திருத்தும்போது இது நல்ல துணை. ஆனால் கலவையான பழைய கோப்புகள் உள்ள திட்டத்தில், ஒரு கோப்பில் நான்கு, அடுத்த கோப்பில் இரண்டு, இன்னொன்றில் டேப் என்று நம் கை அறியாமலே மாறிக்கொண்டிருக்கும். நான் இதை எல்லா இடத்திலும் அணைப்பதில்லை. முறை தீர்மானமாகிவிட்ட திட்டங்களில், அந்தத் திட்டத்துக்குள் வைக்கும் செட்டிங் கோப்பில், பைதானுக்கு மட்டும் அணைத்து வைக்கிறேன்.

கீழ்ப் பட்டையின் வலப்பக்கம் ‘ஸ்பேசஸ்: 4’ என்று ஒரு சின்ன எழுத்து இருக்கும். பலர் அதை ஏறிட்டும் பார்ப்பதில்லை. கோப்பைத் திறந்ததும் ஒரு கண் அங்கே போவது நல்ல பழக்கம், அதைச் சொடுக்கினால் கோப்பை முழுக்க ஸ்பேஸுக்கோ டேப்புக்கோ மாற்றும் வழியும் அங்கேயே இருக்கிறது. ‘ரெண்டர் ஒயிட்ஸ்பேஸ்’ என்பதையும் மாற்றி வைக்கிறேன். இயல்பாக, தேர்ந்தெடுத்த பகுதியில் மட்டும்தான் ஸ்பேஸ் புள்ளியாகவும் டேப் அம்பாகவும் தெரியும். ‘பவுண்டரி’ என்று வைத்தால் வரித் தொடக்கத்தில் எப்போதும் தெரியும், சொற்களுக்கு நடுவே உள்ள ஒற்றை இடைவெளிகளில் புள்ளி வந்து கண்ணைக் குத்தாது.

பைசார்ம் எடிட்டரில் ‘கோட் ஸ்டைல்’ பகுதியில் இதே மூன்றும் இருக்கின்றன, கோப்பைப் பார்த்து ஊகிக்கும் தெரிவு உட்பட. பைதானின் ஸ்டைல் வழிகாட்டியான பெப் 8-இன் மீறல்களை மெல்லிய கோடிட்டுக் காட்டும் சோதனையும் உள்ளேயே வருகிறது. ஸ்பைடரில் ஸ்டைல் சோதனை தனியாக இயக்க வேண்டியது, ‘கம்ப்ளீஷன் அண்ட் லின்டிங்’ என்ற பகுதிக்குள் இருக்கிறது. அறிவியல் துறை நண்பர்கள் பலர் ஸ்பைடரை வருடக்கணக்கில் பயன்படுத்தியும் அந்தப் பக்கம் போனதே இல்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். விம் பயனர்களுக்குச் சொல்ல அதிகமில்லை, பைதான் கோப்பு என்றால் அதுவே நான்கு ஸ்பேஸ் வைத்துவிடும்.

ஆனால் எடிட்டரில் என்ன வைத்தாலும் அது என் கணினியோடு நின்றுவிடும். குழுவில் ஒருவர் பைசார்ம், ஒருவர் விம், ஒருவர் சர்வருக்குள் போய் நேனோவில் திருத்துகிறவர். அதனால் முறை என்பது நிரலோடு சேர்ந்தே பயணிக்க வேண்டும். அதற்கு எளிய வழி எடிட்டர்கான்ஃபிக். திட்டத்தின் வேர் அடைவில் ஒரு சின்ன கோப்பு, அதில் எந்த வகைக் கோப்புக்கு டேப்பா ஸ்பேஸா, எத்தனை என்று சில வரிகள். பைசார்ம் தானாகவே படிக்கும், நியோவிம் 0.9 பதிப்பிலிருந்து படிக்கிறது, விஎஸ் கோடுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் போட வேண்டும். எப்படி எழுதுவது என்று குழம்புகிறவர்களை ஜாங்கோ என்ற பைதான் வலைக் கட்டமைப்பின் மூல நிரலில் உள்ள கோப்பைத் திறந்து பார்க்கச் சொல்வேன். பொதுவாக நான்கு ஸ்பேஸ், எச்டிஎம்எல் கோப்புகளுக்கு இரண்டு, பில்ட் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலுக்கு டேப் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த மேக்ஃபைல் வரி முக்கியம். மேக்ஃபைலில் கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும். பைதானை மனதில் வைத்து எல்லாக் கோப்புக்கும் ஸ்பேஸ் என்று அடித்துவிட்டால், அடுத்த முறை பில்ட் ஓடாது.

எடிட்டர்கான்ஃபிக் எழுதும்போது மட்டும் வழிநடத்தும், ஏற்கெனவே உள்ளதைச் சோதிக்காது. சோதனைக்கு லின்ட்டர்கள், அதாவது நிரலை ஓட்டாமலே படித்துக் குறை சொல்லும் கருவிகள், வேண்டும். மேலே சொன்ன பெப் 8 வழிகாட்டி 2001 ஜூலையில் வந்தது. அதைச் சோதிக்க 2006-இல் யோஹான் ரோஹோல் ஒரு கருவி எழுதி அதற்கும் பெப்8 என்றே பெயர் வைத்தார். வழிகாட்டியையும் கருவியையும் மக்கள் ஒன்றாகவே நினைத்துவிட்டார்கள், கருவி சொல்வதெல்லாம் சட்டம் என்று வாதிட ஆரம்பித்தார்கள். பெயரை மாற்றுங்கள் என்று கைடோவே கேட்டுக்கொள்ள, 2016-இல் அது பைகோட்ஸ்டைல் ஆனது. ஃப்ளேக்8 என்ற லின்ட்டர், ஸ்பைடர், பைசார்ம் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது இதுதான்.

இதன் உள்தள்ளல் விதிகளை நான் இரண்டு குவியலாகப் பிரிக்கிறேன். ஒரு குவியல் நிரலின் கட்டமைப்பைத் தொடுவது: ஈ101 டேப்பும் ஸ்பேஸும் கலந்திருப்பதைச் சொல்லும், டபிள்யூ191 டேப்பே இருந்தால் சொல்லும், ஈ111 நான்கின் மடங்காக இல்லாவிட்டால் சொல்லும், ஈ117 தேவைக்கு மேல் உள்ளே தள்ளியிருந்தால் சொல்லும். இவற்றை விட்டுக்கொடுக்கவே மாட்டேன். இன்னொரு குவியல் ஈ121 முதல் ஈ131 வரை. இவை அடைப்புக்குறிக்குள் தொடரும் வரிகள் எப்படி நிற்க வேண்டும் என்பதைப் பற்றியவை. பைதான் ஆழமே பார்க்காத இடம் அது. அங்கே ஒரு வரி இரண்டு எழுத்து தள்ளி நின்றால் எந்தக் கணக்கும் தப்பாது. புதிதாகச் சேர்ந்தவரின் திரை முழுக்க ஈ127, ஈ128 என்று நெளிகோடுகள் ஓடும்போது, நடுவே வரும் ஓர் ஈ101 அவர் கண்ணில் படாது. அதனால் இரண்டாவது குவியலை லின்ட்டரில் அணைத்துவிட்டு நிரலைத் தானே ஒழுங்குபடுத்தி எழுதும் ஃபார்மேட்டரிடம் ஒப்படைப்பேன். பைலின்ட் என்ற இன்னொரு லின்ட்டரும் இப்படிப்பட்ட தன் விதியை 2.6 பதிப்பில் எடுத்தே விட்டது.

பைகோட்ஸ்டைலில் இரண்டு இடங்கள் பலரைத் தடுமாற வைக்கின்றன. ஒன்று, ஒரு கோப்பு டேப்பா ஸ்பேஸா என்பதை அது முதலில் வெற்றிடத்தோடு தொடங்கும் வரியை வைத்தே முடிவு செய்கிறது. கோப்பின் தலைப்பில் யாரோ ஒட்டிய விளக்கக் குறிப்பில் ஒரு வரி டேப்பில் தொடங்கினால் போதும், கீழே ஒழுங்காக ஸ்பேஸில் இருக்கும் அத்தனை வரிகளிலும் ஈ101 கொட்டும். கருவி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், மேலே போய் அந்த வரியைத் திருத்தினால் எல்லாம் மறையும். இரண்டாவது, விலக்குப் பட்டியல். ஈ121, ஈ123, ஈ126 போன்ற சில விதிகள் எல்லோரும் ஒப்புக்கொண்டவை இல்லை என்பதால் இயல்பாகவே அணைந்திருக்கும். நாம் ‘இக்னோர்’ என்று ஒரே ஒரு விதியை எழுதினால், அந்த இயல்புப் பட்டியல் முழுக்க அழிந்து நாம் எழுதியது மட்டும் நிற்கும். ஒன்றை அணைக்கப் போனவருக்கு ஐந்தாறு புது எச்சரிக்கைகள் வந்து சேரும். ஃப்ளேக்8-இல் இதற்கு ‘எக்ஸ்டென்ட் இக்னோர்’ என்று தனியாக இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

இப்போது பல குழுக்கள் ரஃப் என்ற லின்ட்டரின் பக்கம் போய்விட்டன. நானும்தான். ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது, சேமிக்கும் கணத்திலேயே முழுத் திட்டத்தையும் பார்த்து முடித்துவிடுகிறது. ஆனால் ஃப்ளேக்8-லிருந்து மாறும்போது ஒன்றைக் கவனியுங்கள். நான் பயன்படுத்தும் பதிப்பில் உள்தள்ளல் விதிகள் இயல்பாக இயங்குவதில்லை, ஈ111 வகையறாவுக்கு ‘ப்ரிவ்யூ’ நிலையையும் இயக்க வேண்டும். எச்சரிக்கை வரவில்லையே, எல்லாம் சுத்தம் என்று குழு நம்பிக்கொண்டிருக்கும், சோதனையோ நடந்தே இருக்காது. ரஃப்பின் ஃபார்மேட்டரையும் சேர்த்துப் பயன்படுத்தினால் இந்த விதிகள் தேவையில்லை என்று அவர்களின் ஆவணமே சொல்கிறது, அது சரியும்கூட. ஃபார்மேட்டர் இருக்கும் இடத்தில் கமிட் (கிட்டில் பதியும் ஒரு மாற்றம்) ஏறும் முன்பும், நிரலைத் தானாகச் சோதிக்கும் சிஐ-யிலும் ‘மாற்ற வேண்டியது ஏதாவது இருக்கிறதா’ என்று மட்டும் அதைக் கேட்டால் போதும். லின்ட்டர், ஃபார்மேட்டர் இரண்டையும் ஒரே விஷயத்துக்குக் காவல் வைத்தால் ஒன்றையொன்று மறுத்துப் பேசும், குழு இரண்டையும் நம்பாமல் போகும்.

எத்தனை ஸ்பேஸ் என்ற கேள்விக்கு என் பதில் எளிது: ஏற்கெனவே இருப்பது எதுவோ அது. கூகுளின் இயந்திரக் கற்றல் நூலகமான டென்சர்ஃப்ளோவின் பைதான் நிரல் இரண்டு ஸ்பேஸில் இருக்கிறது, அதற்கேற்ப அவர்கள் பைலின்ட்டில் அளவை மாற்றி வைத்திருக்கிறார்கள். உலகம் நின்றுவிடவில்லை. புதிய திட்டம் என்றால் நான்கு, அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

பழைய கலவையான திட்டத்தை ஒழுங்குக்குக் கொண்டுவருவதில்தான் பொறுமை வேண்டும். அதைத் தனி கமிட்டாகச் செய்ய வேண்டும், அதில் வேறு ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கோப்பையும் பைதானின் ஏஎஸ்டி மாட்யூல் வழியாகக் கட்டமைப்பு மரமாக்கி ஒப்பிட்டுப் பார்ப்பேன், மரம் மாறவில்லை என்றால் பொருளும் மாறவில்லை. பிளேக் ஃபார்மேட்டர் இந்த ஒப்பீட்டைத் தானே செய்து, மரம் வேறுபட்டால் எழுத மறுத்துவிடும். அப்புறம் அந்தக் கமிட்டின் அடையாளத்தை ஒரு கோப்பில் எழுதி, கிட் பிளேம் அதைத் தாண்டிப் பார்க்கும்படி வைக்கலாம், 2019-இல் வந்த கிட் 2.23-லிருந்து இந்த வசதி உண்டு. இல்லாவிட்டால் எந்த வரியை யார் எழுதினார் என்று தேடினாலும் ஒழுங்குபடுத்தியவரின் பெயரே வரும். ஜாங்கோ 2022-இல் முழு நிரலையும் பிளேக்குக்கு மாற்றியபோது இப்படித்தான் செய்தது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு வரி லூப்பை விட்டு நகர்ந்தால்? டெஸ்ட் பிடிக்க வேண்டும், அதுதான் முதல் பதில். ஆனால் பைலின்ட்டில் இரண்டு விதிகள் இந்த இடத்தில் எனக்குப் பிடித்தமானவை. டபிள்யூ0631, லூப்பின் மாறியை லூப்புக்கு வெளியே பயன்படுத்தினால் சொல்லும். வெளியே நகர்ந்த வரி பெரும்பாலும் அந்த மாறியைத் தொடும், ஆகவே இதில் சிக்க நல்ல வாய்ப்பு உண்டு. டபிள்யூ0101, ரிட்டர்னுக்குப் பிறகு ஒருபோதும் ஓடாத வரிகளைச் சொல்லும். ஒரு படி அதிகமாக உள்ளே போன வரிகள் அங்கே மாட்டும். ஸ்டைல் விதிகள் என்ற பெயரில் இவை வருவதில்லை, ஆனால் உள்தள்ளல் சோதனை என்று நான் சொல்லும்போது இவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

மாணவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்தில் இப்போது பைதான் இருக்கிறது. பிள்ளைகள் நிரலைப் புத்தகத்தின் பிடிஎஃப்-லிருந்து எடுத்து ஒட்டுகிறார்கள். ஒட்டும்போது வரித் தொடக்கத்து வெற்றிடம் பல நேரம் காணாமல் போகும், ஊகித்துத் திரும்பத் தள்ளுவார்கள், ஒரு வரி தவறான படியில் நிற்கும், நிரல் ஓடும், விடை தப்பும். தங்களுக்குக் கணினி வரவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். இணையப் பக்கத்திலிருந்து எடுத்தால் சில சமயம் சாதாரண ஸ்பேஸுக்குப் பதில் பிரியா இடைவெளி வந்து விழும், பார்க்க வித்தியாசமே தெரியாது, பைதான் மட்டும் யூ+00ஏ0 என்று ஏதோ சொல்லும். கற்றுக்கொடுப்பவர்களிடம் நான் கேட்பது, முதல் வகுப்பிலேயே எடிட்டரில் வெற்றிடத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக் கொடுங்கள், ஒட்ட விடாமல் தட்டச்சு செய்ய விடுங்கள்.

டேப்புக்கு ஆதரவாக நான் மதிக்கும் வாதம் ஒன்று உண்டு. பார்வையற்ற நிரலாளர்களுடையது. பிரெய்ல் திரையில் பரவலாக இருப்பது 40 கட்டம் கொண்டது. மூன்று படி உள்ளே போன வரியில் 12 கட்டங்கள் வெற்று ஸ்பேஸுக்கே போய்விடும். டேப் என்றால் அவ்வளவு இடம் வீணாகாது. பிளேக்கில் டேப்புக்கு வழியே இல்லை, ரஃப் ஃபார்மேட்டரில் உண்டு. குழுவில் ஒருவருக்குத் தேவை என்றால், முழுத் திட்டத்தையும் டேப்புக்கு மாற்ற நான் தயங்க மாட்டேன். மாற்ற முடியாத திட்டம் என்றால், கிட் ஃபில்டர் வைத்து அவர் கணினியில் மட்டும் டேப்பாக இறக்கி, கமிட் ஆகும்போது ஸ்பேஸாக ஏற்றவும் முடியும்.

கேட்டுப் படிக்கிறவர்களுக்கு என்விடிஏ திரைவாசிப்பானில் உள்தள்ளலைச் சொல்லாகவோ ஒலியாகவோ அறிவிக்கும் வசதி இருக்கிறது. ஒலியைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு ஸ்பேஸுக்கும் சுருதி ஏறும், ஒரு டேப்புக்கு நான்கு ஸ்பேஸ் அளவுக்கு ஏறும். நான்கின் மடங்காகவே போகும் நிரல் அதில் தெளிவான படிகளாகக் கேட்கும். மேல் வரியின் அடைப்புக்குறிக்கு நேர்கீழே வருமாறு பதினேழு, இருபத்துமூன்று ஸ்பேஸ் தள்ளி அழகு பார்த்த வரிகள் அதே காதில் எங்கோ தாவி விழும். பெப் 8 இரண்டையும் அனுமதிக்கிறது. அடைப்புக்குறியைத் திறந்ததும் வரியை முறித்து, அடுத்த வரியை நான்கு ஸ்பேஸில் தொடங்கும் முறையையே நான் எல்லாத் திட்டங்களிலும் வைப்பதற்கு இதுவே முதல் காரணம். பிளேக்கும் ரஃப்பும் அப்படித்தான் எழுதுகின்றன, ஆகவே அதற்காகத் தனியாக எதையும் அமைக்க வேண்டியதில்லை.